தேயாத பல்

மின்னஞ்சலைப் படித்து முடித்ததும் வேல்ராஜ் செல்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவர், தன் பல்லில்தான் ஏதோ பெரிய கோளாறு என்று பயந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்க பல்லுக்கு ஒண்ணுமில்லய்யா. எங்க அய்யா பல்லுலதான் பிரச்சினை."

"அய்யாவுக்கு என்ன பண்ணுது டாக்டரு?"

"அய்யா போன வாரம் தவறிட்டாரு."

பெரியவர் வாயை மூடிக்கொண்டார். மறுபடி திறக்க வைப்பதற்கு வெகுநேரம் பிடித்தது.

இராமநாதபுரத்தில் வேல்ராஜுக்குச் சிறிதாக ஒரு பல் மருத்துவமனை உண்டு. எட்டு வருஷங்களுக்கு முன்னால், தன் தகப்பனார் இருளாண்டியின் வலது கீழ்க் கடைவாயில், தாடை எலும்புக்குள் டைட்டானியம் திருகாணி ஒன்றை இறக்கி, அதன்மேல் வெள்ளையாக ஒரு பல்லைப் பொருத்தினான். யார் துணையும் இல்லாமல் அவன் வைத்த முதல் பல் அது. இருளாண்டியோ பாக்கு, முறுக்கு, வறுத்த புளியங்கொட்டை என்று எதையும் விட்டுவைக்காத ஆள். அப்படிப்பட்ட வாயில் எலும்பு கரையும், பல் தேயும் என்றுதான் எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. வேல்ராஜ் வருஷா வருஷம் படம் எடுத்துப் பார்த்தான். எலும்பு கரையவில்லை. பல்லில் ஒரு கீறல் இல்லை.

இதைக் கட்டுரையாக எழுதி இதழ்களுக்கு அனுப்ப ஆரம்பித்தபோதுதான் கஷ்டம் தெரிந்தது. உலகம் வேறெங்கோ போய்விட்டிருந்தது. செயற்கை நுண்ணறிவு, ரோபோ, முப்பரிமாண அச்சு என்று எழுதினார்கள். ஆயிரம் பேருடைய தாடைகளை ஒரே கட்டுரைக்குள் அடைத்தார்கள். ஒரு கிழவர், ஒரு பல் என்று போனவனை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "மாண்புமிகு பேராசிரியர் அவர்களே" என்று விளித்து, பணம் கட்டினால் உடனே வெளியிடுகிறோம் என்ற இதழ்கள் மட்டும் விடாமல் எழுதின. அவற்றில் ஒன்று இறால் வளர்ப்பு இதழ்.

கடைசியில் அமெரிக்காவிலிருந்து வரும் பழைய, பெயர் பெற்ற இதழ் ஒன்று பரிசீலிக்க ஒப்புக்கொண்டது. செய்தி கேட்ட அன்றே இருளாண்டி தொண்டி பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் வாயைத் திறந்து காட்டினார்.

"நல்லாப் பாத்துக்கப்பா. இந்தக் கடவாப் பல்லு அமெரிக்கா பொஸ்தகத்துல வரப் போகுது. எம்மகன் வச்சது."

"டிக்கெட்ட எடுங்க பெருசு."

"எடுக்குறேன். மொதல்ல நீ பாரு."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அதன்பிறகு ஊரில் அந்தப் பல்லைப் பார்க்காதவர்கள் குறைவு. புத்தகம் எப்போது வரும் என்று இருளாண்டி கேட்டுக்கொண்டே இருந்தார். வருவதற்குள், ஒரு மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டார்.

கட்டுரையைச் சரிபார்க்க இதழ் இரண்டு மதிப்பீட்டாளர்களை நியமித்திருந்தது. அவர்கள் யார் என்பது எழுதியவனுக்குத் தெரியாது. முதலாமவர் இரண்டு காற்புள்ளிகளைத் திருத்திவிட்டு நல்லபடியாக ஒதுங்கிக்கொண்டார். இரண்டாமவர் எழுதியிருந்ததுதான் இன்றைக்கு வந்திருந்த மின்னஞ்சல்.

"எட்டு ஆண்டுகள் முறுக்கும் பாக்கும் மென்ற பல்லின் மெருகுகூடக் கலையவில்லை. இது எப்படிச் சாத்தியம்? படம், பல் பொருத்திய அன்று எடுக்கப்பட்டதோ என்று ஐயுறுகிறேன். ஆசிரியர் தக்க விளக்கம் தர வேண்டும்."

நாகரிகமான மொழியில் புளுகன் என்றுதான் பொருள். கட்டுரை போவது இருக்கட்டும், பஸ்ஸில் வாயைத் திறந்து காட்டிய மனிதரும் பொய்யராகிவிடுவாரே என்பதைத்தான் வேல்ராஜால் பொறுக்க முடியவில்லை.

அவனிடம் ஒரு காணொளி இருந்தது. பாக்கர் பாயின் டீக்கடையில் போன பொங்கலுக்கு எடுத்தது. இருளாண்டி தலையை இடப்பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடி, முறுக்கை நொறுக்கிக்கொண்டிருப்பார். சாப்பிடும்போது அவர் தலை எப்போதும் அப்படித்தான் சாய்ந்திருக்கும். ருசிக்கிறார் என்று நினைத்துக்கொள்வான். முறுக்கு நொறுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. வேறு அத்தாட்சி எதற்கு? அனுப்பிவைத்தான்.

பதில் உடனே வந்தது.

"காணொளி கண்டேன். இத்தனை வேகமாக மெல்பவரின் பல் தேயாமலிருப்பது என் ஐயத்தை மேலும் வலுப்படுத்துகிறது. நோயாளியின் புதிய படம் தேவை."

நோயாளி இறந்துவிட்டார், அவர் என் தகப்பனார் என்று வேல்ராஜ் எழுதினான். அதற்கும் பதில் வந்தது.

"ஆழ்ந்த இரங்கல். அந்தப் பல்லையே அனுப்ப இயலுமா?"

அந்த வரியை அவன் திரும்பத் திரும்பப் படித்தான். முதலில் கோபம் வந்தது. பிறகு, ஏன் முடியாது என்று தோன்றியது. டைட்டானியம் சிதைத் தீயில் உருகாது. மேலே பொருத்திய பல்லும் அதைவிடக் கடும் சூட்டில் செய்யப்பட்டதுதான். இரண்டும் எரிந்திருக்க முடியாது. எலும்போடு எலும்பாக, உப்பூருக்குப் பக்கத்தில் அண்ணன் வீட்டில், அஸ்திக் கலயத்துக்குள்தான் இருந்தாக வேண்டும்.

அண்ணன் யோகேஸ்வரனை நேராகக் கேட்கப் பயந்து, மதினி கனகலட்சுமியைக் கூப்பிட்டான். தாயில்லாத அந்த வீட்டில் அய்யாவுக்குக் கடைசிவரை சோறு போட்டவள் அவள்தான்.

"மதினி, காடாத்து அன்னைக்கு எலும்பு பொறுக்கையில பல்லு ஏதும் தட்டுப்பட்டுச்சா?"

"எந்தப் பல்லு தம்பி?"

"நான் வச்ச பல்லுதான். அத அமெரிக்காவுக்கு அனுப்பணும்."

"அமெரிக்காவுக்கா?"

அவ்வளவுதான் பேச்சு. கனகலட்சுமி இதைத் தண்ணீர்க் குழாயடியில் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் இருளாண்டி வாயில் தங்கம் இருந்தது என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஏற்கெனவே துக்கம் விசாரித்துவிட்டுப் போனவர்கள் இரண்டாம் முறை விசாரிக்க வந்தார்கள்.

அண்ணனே கூப்பிட்டார்.

"ஏலே வேலு, அய்யா வாயில தங்கம் வச்சிருந்தியாமே?"

"தங்கமில்லண்ணே. டைட்டானியம்."

"அது என்ன எழவு?"

"ஏரோப்பிளேன் செய்வாகள்ல, அந்த உலோகம்."

"ஏரோப்பிளேனா?" என்றார் யோகேஸ்வரன் மெதுவாக. "அப்பத் தங்கத்தவிட ஒசத்தி."

"அய்யோ அண்ணே, அதுக்கில்ல. ஒரு ஆராய்ச்சிக்கு..."

"இருக்கிறவுக வாயில கைய விட்டுச் சம்பாரிக்கிறது பத்தலயாலே? செத்தவரு வாயிலயும் விடணுமா?"

"கலயத்த ஒரே ஒரு தடவ அவுத்துப் பாத்துட்டு..."

"கட்டுன கலயத்த நடுவுல அவுக்கக் கூடாது. ராமேசுவரத்துக் கடல்லதான் அவுக்கணும். நான் கொள்ளி வச்சவன். எங்கிட்ட இந்தப் பேச்சே வச்சுக்காத."

அன்றைக்கே கலயம் மிளகாய் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கிக்குள் போனது. கதவுக்கு இரண்டாவது பூட்டு வந்தது. இரண்டாவது பூட்டைப் பார்த்தவர்களுக்குத் தங்கம் உறுதியாயிற்று. ஊர்க்கண் தாங்காமல், நாள் பார்த்துச் செய்வதாக இருந்ததை முன்னதாகவே கரைத்துவிடுவது என்று யோகேஸ்வரன் முடிவெடுத்தார்.

அண்ணன், மதினி, வேல்ராஜ் மூவரும் ராமேசுவரத்துக்கு வேனில் கிளம்பினார்கள். மஞ்சள் துணி சுற்றிய கலயம் அண்ணன் மடியில் இருந்தது. பாம்பன் பாலத்தில் ஏறும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. கலயத்துக்குள் ஏதோ மெலிதாகக் கிணுங்கியது. வேல்ராஜ் சட்டென்று திரும்பினான். யோகேஸ்வரன் கலயத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தார்.

அக்னி தீர்த்தக் கரையில் புரோகிதர் மந்திரமெல்லாம் முடித்துவிட்டு, யோகேஸ்வரனிடம் விவரம் சொன்னார்.

"இடுப்பளவு தண்ணியில நின்னு, கலயத்தத் தோளுக்கு மேல தூக்கிப் பின்னால சரிச்சிடணும். மூணு முங்கு. என்ன ஆனாலும் சரி, திரும்பிப் பாக்கவே கூடாது."

திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற சொல் வேல்ராஜின் காதில் தேனாகப் பாய்ந்தது. கையில் வைத்திருந்த துணிப்பையை மெதுவாகப் பிரித்தான். உள்ளே, மதினியின் அடுப்படியிலிருந்து காலையில் அவன் நைசாக எடுத்து வந்த மாவுச் சல்லடை இருந்தது.

அண்ணன் கடலுக்குள் நடந்தார். ஐந்தாறு அடி தள்ளி, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தம்பி நடந்தான். மடித்த இடத்துக்கு மேலேயே தண்ணீர் ஏறியது. அண்ணன் நின்றதும் அவனும் நின்று, குனிந்து சல்லடையை நீட்டினான்.

பக்தர்கள் கடலில் போடும் காசை அரித்தெடுத்துப் பிழைக்கும் ஆட்கள் அங்கே எப்போதும் உண்டு. அவர்களில் ஒருவன் வேல்ராஜைப் பார்த்துவிட்டான்.

"ஏலே, யாருலே நீ? இது எங்க எடம். புதுசா வந்து சல்லடைய நீட்டுற?"

"நான் டாக்டருங்க."

"நாங்கெல்லாம் கலெக்டரு. தள்ளுலே அங்கிட்டு!"

"சத்தம் போடாதீக, ரெண்டு நிமிசம்..."

"ஏலே வேலு," என்றார் முன்னால் நின்ற அண்ணன், கழுத்தை அசைக்காமல். "பின்னால என்னலே சத்தம்?"

"ஒண்ணுமில்லண்ணே! திரும்பிராதீக! அய்யாவுக்கு ஆகாது!"

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த வடநாட்டு அம்மாள் ஒருவர், சல்லடையோடு குனிந்து நிற்கும் வேல்ராஜை ஏதோ நேர்த்திக்கடன் என்று எண்ணி, ஒரு நாணயத்தைச் சல்லடையில் போட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் போட்டார்கள்.

"பாத்தியாலே! வந்ததும் வராததுமா வசூலு!" என்று காசு அரிக்கிறவன் சல்லடையின் ஒரு விளிம்பைப் பிடித்தான். வேல்ராஜ் மறு விளிம்பை விடவில்லை. இருவரும் இழுத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் யோகேஸ்வரன் கலயத்தைப் பின்னால் சரித்தார்.

சாம்பல் சரிந்து கொட்டியது. காசு அரிக்கிறவன் அதைப் பார்த்தான். சல்லடையை விட்டுவிட்டான்.

"ஒன் அப்பனாய்யா?"

வேல்ராஜ் தலையாட்டினான்.

"மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று அவன் கிட்டே வந்து, அலை அடித்துக்கொண்டு போகாமல் தன் கையால் அணை கட்டிக்கொண்டு நின்றான்.

சல்லடையில் கரித்துண்டுகளும் நாணயங்களும் எலும்புகளும் கிடந்தன. தாடைப் படங்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவன் வேல்ராஜ். அய்யாவின் எலும்பு ஒன்று விரலில் பட்டபோது, அது எந்த எலும்பு என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைத் தண்ணீரில் மெதுவாக விட்டான். அடுத்ததையும் விட்டான். கண் மறைத்தது. உப்புத் தண்ணீர் என்று துடைத்துக்கொண்டான். அடியில் திருகாணி கிடந்தது. அதன் பக்கத்திலேயே, கரி படிந்து, பல்.

கரையில் ஏறியதும் யோகேஸ்வரன் தம்பியின் சட்டையைப் பிடிக்கத்தான் வந்தார். அதற்குள் வேல்ராஜ் உள்ளங்கையை விரித்துவிட்டான்.

"இம்புட்டுத்தானா?" என்றார் அண்ணன். "இதுல தங்கம் எங்கன இருக்கு?"

"தங்கம் எதுவும் இல்லண்ணே. ஆரம்பத்துல இருந்து அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

யோகேஸ்வரன் ஈர வேட்டி நுனியால் பல்லின் கரியைத் துடைத்தார். அது நேற்றுப் பொருத்திய பல்லாகப் பளபளத்தது. "அய்யா சிரிச்சா இதுதான மின்னும்?" என்றார். பிறகு கேட்டார்: "அந்த அமெரிக்காக்காரன் என்னதான் கேக்குறான்?"

"எட்டு வருசம் முறுக்கு மென்ன பல்லு எப்படித் தேயாம இருக்கும், நீ சொல்றது பொய்யின்னு கேக்குறாண்ணே. இந்தா, பாத்துக்கட்டும். ஒரு கீறல் இருக்கா? எந்த நுண்ணோக்கியில வேணும்னாலும் வச்சுப் பாக்கட்டும்!"

"எங்கய்யா பல்லு அப்படித்தான்னு எழுதுலே. எங்க கையெழுத்து வேணும்னாலும் போட்டுத் தாரோம்."

அண்ணனும் தம்பியும் வெகுநாளைக்குப் பிறகு ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு நின்றார்கள். கனகலட்சுமி தன் மாவுச் சல்லடையை அடையாளம் கண்டுகொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் பிடித்திருந்தாள். பல்லை எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"பின்ன அது எப்படித் தம்பி தேயும்? தேஞ்சு போனா எம்மகன் பேரு கெட்டுப் போகும்னு சொல்லி, அந்த எட்டு வருசமும் மாமா அந்தப் பக்கமா ஒரு பருக்ககூட மென்னதில்லயே!"