மூன்று கருவியும் ஓர் அப்பாவும்

அப்பா மிருகக்காட்சி சாலைக்குள் இருப்பதாக மெர்வினின் கம்ப்யூட்டர் சொன்னது. வண்டலூரில், சிங்கங்கள் இருக்கிற பக்கமாக.

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். மெர்வினுக்குப் பிழைப்பே அதுதான். ஓடுகிற வண்டிகளைக் கேமரா, ரேடார், ஜி.பி.எஸ். என்று எல்லாவற்றாலும் ஒருசேரக் கண்காணிக்கும் மென்பொருள் எழுதுகிறவன். "ஒண்ணை மட்டும் நம்பக் கூடாது" என்பது அவன் வேதவாக்கு.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அப்பா தேவானந்தம் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போக ஆரம்பித்தார். கூடவே போகலாம்தான். பாவம், பிள்ளைக்கு நேரம் ஏது? அப்பாவின் போனில் ஒரு கருவி, குடையில் ஒரு கருவி, வாசலில் ஒரு கேமரா என்று பொருத்திவிட்டு, சேலையூர் வீட்டு மாடியில் ஹெட்போனோடு உட்கார்ந்துகொண்டான். திரையில் அப்பா பச்சைப் புள்ளியாக நகர்ந்தார். அதில் அவனுக்குப் பரம திருப்தி.

இன்று போன் குன்றத்தூர் என்றது. குடை சிங்கப்பெருமாள் கோவில் என்றது. கேமராவோ, அப்பா வாசலில்தான் நிற்கிறார் என்று சாதித்தது. மூன்றையும் கூட்டி வகுத்ததில் வந்ததுதான் மிருகக்காட்சி சாலை.

வாசலுக்கு ஓடினான். கேமராவுக்கு எதிரே கொடியில் அப்பாவின் வேட்டியும் சட்டையும் காய்ந்துகொண்டிருந்தன. கருவி அவற்றைத்தான் அப்பா என்று நம்பியிருக்கிறது.

அப்பாவின் போனுக்கு அடித்தான். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் எடுத்தார்.

"பெரிசு போனை சீட்லயே வுட்டுட்டு தாம்பரத்துல எறங்கிப் பூட்ச்சு சார். ஒரே அழுவாச்சி. எனக்கே பேஜாராப் பூட்ச்சு."

"அழுதாரா? எதுக்கு?"

"பெத்த புள்ள, உனுக்குத் தெரியாதா?"

தெரியவில்லை. குடையில் இருந்த கருவியை அலறவைக்கும் பட்டனை அழுத்தினான். மறு நிமிஷமே மனைவி ஹெப்சி ஆபீஸிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, மீட்டிங் நடுவுல குடை கத்துது! பாம்னு எல்லாரும் வெளியே ஓடிட்டாங்க!"

"அப்பா குடை உன்கிட்ட எப்படி?"

"மழை வரும்னு மாமாதான் குடுத்தாங்க. ஏன், மாமா எங்க?"

மெர்வின் போனை வைத்துவிட்டான்.

மூன்றும் பொய் என்று தெரிந்த பிறகும் கம்ப்யூட்டர் மேலிருந்த விசுவாசம் போகவில்லை. அதற்குள் பிடித்துக்கொண்ட மழையில் வண்டலூருக்குப் பறந்தான்.

"இன்னிக்கு லீவு சார்," என்றார் வாட்ச்மேன். "யாரும் உள்ள போவல. அப்படிப் போயிருந்தா சிங்கத்தைத்தான் கேக்கணும்."

மெர்வினுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நனைந்த கோழியாய்த் தாம்பரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நின்றான்.

"எங்கப்பாவைக் காணோம் மேடம்."

"என்ன சட்டை போட்டிருந்தார்?" என்றார் பெண் போலீஸ்.

தெரியவில்லை.

"போட்டோ?"

போனைத் துழாவினான். பச்சைப் புள்ளிதான் இருந்தது.

"கடைசியா அவர்கிட்ட எப்ப பேசினீங்க?"

மெர்வின் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான்.

"சரி, உங்க பேராவது தெரியுமா?"

"மெர்வின், மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லாப் போச்சு போங்க! 'எம் புள்ள மெர்வினைக் காணோம், கண்டுபுடிச்சுக் குடுங்க'ன்னு ஒரு பெரியவர் காலையிலேர்ந்து உள்ள உக்காந்து அழுதுகினு கீறார் சார். கடைசியா எங்க பாத்தீங்கன்னு கேட்டா, எங்க வூட்டு மாடியிலன்றார்."