மூன்றாவது விதியை நான் காப்பாற்றிய விதம்

ஜார்ஜ் டவுன்,
சனிக்கிழமை, மாலை ஏழு மணி.

அன்புள்ள சிவநேசன் அண்ணாவுக்கு,

தங்கை சந்திரிகா வணக்கத்துடன் எழுதுவது. சிரம்பானில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு வரி படித்துவிட்டுக் கட்டைவிரல் அனுப்புவீர்கள். அதனால் தபால்.

படிப்பையும் வேலை தேடுவதையும் ஒரே நேரத்தில் சமாளிப்பது எப்படி என்று உங்கள் மருமகள் மிதுஷாவுக்கு ஒரு காணொளி அனுப்பினீர்களே, அதில்தான் தொடங்கியது. தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. கூடவே அக்கரையில், பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள், அதை முடித்தால்தான் பட்டம். உடனே ஒவ்வொரு நாளையும் இருபத்தைந்து நிமிடத் துண்டுகளாக நறுக்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். பெற்ற தாய்க்கு வாரத்துக்கு ஒரு துண்டு, அண்ணா! அந்த இருபத்தைந்து நிமிடத்தில் பேச என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தபோது எனக்கே கொஞ்சம் பயம் வந்தது.

பிறகு கைப்பேசி. சனி, ஞாயிறு இரண்டு மணி முதல் ஆறு மணி வரை அது என் சேலை அலமாரிக்குள், சாவி என்னிடம். விதிகளை ஒரு தாளில் எழுதி, தானும் கையெழுத்திட்டு என்னையும் போடச் சொல்லி, அலமாரியில் ஒட்டினாள். மூன்றாவது விதி, தான் அழுதாலும் கெஞ்சினாலும் சாவியைத் தரக் கூடாது என்பது. பதினெட்டு வருடமாக வழக்கறிஞர் அலுவலகத்தில் பத்திரம் சரிபார்க்கிறவள் நான், கையெழுத்திட்டதை மீறுவேனா? இன்று மூன்று மணிக்கு அலமாரிக்குள் மணி அடித்தது, ஓடி வந்தாள்.

"அம்மா, சாவிய குடுங்க! கம்பெனியா இருக்கும்!"

"சனிக்கிழமை எந்தக் கம்பெனி கூப்பிடும்? மூணாவது ரூல் என்ன?"

"ஐயோ, அது நான் சும்மா போன் நோண்டாம இருக்கிறதுக்கும்மா! ப்ளீஸ்லா!"

"கெஞ்சுறே பாத்தியா? அதுக்குத்தான் அந்த ரூலே."

அழுதாள். அழுகையும் விதியில் இருந்தது. என் கணவர் ஹாலிலிருந்து, "குடுத்துத் தொலையேன், வீட்லயும் ஆபீஸா நடத்துறே?" என்றார். நான் அசையவில்லை. மகளின் மனவுறுதியை நான்தான் தாங்கிப் பிடித்திருக்கிறேன் என்று பெருமையாகக்கூட இருந்தது. நாலு தரம் அடித்து ஓய்ந்தது. ஆறு மணிக்குத் திறந்தால், தொழிற்சாலையிலிருந்து நூருல் என்ற அதிகாரியின் செய்தி: நேர்காணலுக்கு அழைத்தோம், எடுக்கவில்லை, அடுத்தவரைப் பார்க்கிறோம். மிதுஷா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தப்பு என்மேல் இல்லை, அண்ணா. விதி எழுதியது அவள், காணொளி அனுப்பியது நீங்கள். எழுதினபடிதான் அம்மா நடந்தாள் என்று நீங்களே அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். அவர்களுக்கு எந்தக் காணொளியும் காட்ட வேண்டாம்.

உங்கள் தங்கை,
சந்திரிகா

பி.கு.: சாட்சியாக அந்தத் தாளை இத்துடன் வைக்கலாம் என்று பிரித்தெடுத்தேன். பின்பக்கமும் எழுதியிருக்கிறது. நான்காவது விதி: கம்பெனி அழைத்தால் உடனே கொடுக்கவும். அதன் கீழே என் கையெழுத்து, தேதியோடு. நூருலை நானே அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன், வெகுநேரம் சிரித்தார். திங்கட்கிழமை பத்து மணிக்கு மறுபடி அழைப்பாராம், "அன்னைக்கு சாவி உங்ககிட்ட வேணாம், ஆன்ட்டி" என்றார். நீங்கள் மிதுஷாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். தப்பு என்மேல்தான். உங்களுக்கு எழுத வந்துவிட்டது; அவள் கதவைத் தட்டி வாயால் சொல்ல வருமா என்று இனிமேல்தான் தெரியும்.