லாமெக் சொன்னாங்க

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை இனி என்னைத் தவிர வேறு எந்த ஆண்பிள்ளையும் தொடக்கூடாது என்று முடிவு செய்தேன். முடிவை மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது முடிவாக இருக்காது, கோரிக்கையாகிவிடும்.

மனைவி பெயர் தடாலா. பெயரிலேயே பாதி தடாலடி. பிளாண்டயர் நகரில் எங்கள் பக்கத்தில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும் கேக் அவள் கையால்தான். இதுவரை செய்த கேக்குகளின் படங்கள், ஆர்டர்கள் எல்லாமே முன்னறைக் கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. நான் கொண்ட்வானி. லிம்பேயில் ஒரு தேயிலைக் கம்பெனியில் கிளார்க்.

வினை சர்ச் பாட்டுக் குழு வழியாக வந்தது. பக்கத்து வீட்டு நாபிரி அக்கா புதுப் பாட்டுகளைப் பென் டிரைவில் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் செருகினார். மறுநாள் காலையில் எந்தப் படமும் திறக்கவில்லை.

"என்னங்க, கேக் படம் எல்லாம் போச்சு. கொஞ்சம் பாருங்களேன்."

"அணைச்சுட்டுப் போடு. சரியாயிடும்."

"போட்டுப் பார்த்தாச்சு."

"இன்னொரு தடவை போடு."

ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். எல்லா இயந்திரத்துக்கும் நான் சொல்லும் வைத்தியம் அதுதான்.

சாயங்காலம் திரும்பி வந்தால் தடாலா பாடிக்கொண்டிருக்கிறாள். களிக்குத் தொட்டுக்கொள்ளச் சின்ன மீன் வறுவல் வேறு.

"என்ன விசேஷம்?"

"லாமெக் வந்தாங்க. லிம்பே மார்க்கெட்ல கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்காங்களே, அவங்கதான். பென் டிரைவ்ல வைரஸ் வந்திருக்குன்னாங்க. படம் எல்லாத்தையும் மீட்டுக் குடுத்துட்டாங்க. நல்ல ஆன்டிவைரஸ் ஒண்ணு போட்டுட்டும் போனாங்க."

வந்தாங்க, குடுத்தாங்க, போட்டாங்க. என் முகத்துக்கு நேரே எனக்கும் 'ங்க' உண்டு. ஆனால் நாபிரி அக்காவிடம் பேசும்போது நான் வெறும் 'எங்க வீட்ல இருக்கறது'. ஒரு ரிப்பேர்காரனுக்கு முதுகுக்குப் பின்னாலும் இத்தனை மரியாதையா?

"ஆள் எப்படி?"

"நல்ல உயரம். கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டாலும் கோபமே வரல. அப்படி ஒரு பொறுமை."

"அவன் எவ்வளவு நேரம் இருந்தான்?"

தடாலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் மீனைத் திருப்பிப் போட்டாள். "மத்தியானம் முழுக்க இருந்தாங்க. டீ குடுத்தேன், ஒரு துண்டு வெண்ணிலா கேக்கும் குடுத்தேன்."

எங்கள் வீட்டில் கேக் விற்பனைக்கு மட்டும்தான். எனக்குக் கிடைப்பது கருகிய ஓரம். அவனுக்கு நடுத் துண்டா? அன்று ராத்திரி மீனைத் தட்டிலேயே ஒதுக்கிவைத்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் எது நடந்தாலும் 'லாமெக் சொன்னாங்க'தான். கண்ட பென் டிரைவைச் செருகக் கூடாதுன்னு லாமெக் சொன்னாங்க. கம்ப்யூட்டர் பக்கத்துல டீ வைக்கக் கூடாதுன்னு லாமெக் சொன்னாங்க. அவன் சொல்லித்தான் சூரியன் உதிக்கிறதோ என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த முடிவை எடுத்தேன். தடாலா முட்டை வாங்கப் போயிருந்த நேரத்தில் இணையத்தில் தேடி, இலவசமாகக் கிடைத்த வேறொரு ஆன்டிவைரஸை இறக்கினேன். அவன் போட்டதில் இருந்த கேடயப் படத்தைவிட இதில் கேடயம் பெரிது. அவனுடையதும் இருக்கட்டும், என்னுடையதும் இருக்கட்டும், எது ஜெயிக்கிறது பார்க்கலாம் என்று இருந்தேன்.

இரண்டும் வைரஸைத் தேடவில்லை. ஒன்றையொன்று சந்தேகப்பட்டன. கம்ப்யூட்டர் நத்தையாக ஊர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா கேக் படம் பார்க்க வந்தார். படம் மேலிருந்து இழை இழையாக இறங்கியது. உச்சி அடுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

"இது போதும்மா, சின்னதா அழகா இருக்கு" என்று ஒற்றை அடுக்குக் கேக்குக்குச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தடாலாவின் முகம் தொங்கிப்போனது. "லாமெக்கைக் கூப்பிடட்டுமா?"

"வேணாம். நானே பார்க்கறேன்."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"அவனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதா?"

ஒன்றும் தெரியாது. ஆபீசில் டீ நேரத்தில் உட்கார்ந்து படித்தேன். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு ஆன்டிவைரஸ்தான் என்று புரிந்தது. வயிறெரிந்துகொண்டே என்னுடையதை அழித்தேன், அவனுடையதை விட்டுவைத்தேன். என் போன் டேட்டாவைக் கொட்டி அதை அப்டேட் செய்தேன். கேக் படங்களைத் தனி டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்தேன். பாட்டுக் குழு வந்தால் வாசலிலேயே மறித்துப் பென் டிரைவை வாங்கிச் சோதித்தேன்.

"உள்ள இருக்கறது பாட்டு தம்பி, பாம்பு இல்ல" என்றார் நாபிரி அக்கா.

"பாட்டுக்குப் பின்னாடி வர்றதுதான்க்கா பாம்பு."

தடாலா ரசித்துப் பார்த்தாள். "பரவாயில்லையே. லாமெக்கூட இவ்வளவு சுத்தமா செய்ய மாட்டாங்க."

நான் ஒரு முழம் வளர்ந்தேன்.

ஆன்டிவைரஸின் கெடு முடியும் நாள் வந்தது. புதுப்பிக்க லாமெக் கடைக்கே போகவேண்டும். சர்ச்சுக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டேன், ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன். 'இனி என் வீட்டுப் பக்கம் தலை வைக்காதே' என்று வழிநெடுக ஒத்திகை பார்த்தேன்.

கடையில் கண்ணாடி போட்ட உயரமான பெண் ஒருத்தர் கம்ப்யூட்டர் ஒன்றின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"லாமெக் எங்க?"

"நான்தான். மிஸஸ் லாமெக். நீங்க தடாலா வீட்டுக்காரர்தானே? உங்க வீட்டுக் கல்யாணப் படத்துல பார்த்திருக்கேன். இப்ப எல்லாத்தையும் நீங்களே பார்த்துக்கறீங்களாமே, போன்ல அப்படிப் பெருமையாச் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு பல்புகூட மாத்த மாட்டார்."

புதுப்பித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

தடாலா கேக்குக்கு க்ரீம் பூசிக்கொண்டிருந்தாள்.

"லாமெக் பொம்பளையா?"

"ஆம்பளைன்னு நான் எப்ப சொன்னேன்?"

"நான் அவன் இவன்னு பேசினப்ப சும்மாதானே இருந்தே?"

"திருத்தியிருந்தா கம்ப்யூட்டரை யார் பார்த்திருப்பா? கல்யாணம் ஆனதுலேர்ந்து கெஞ்சறேன்."

கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதியும் வந்தது. இனி இவள் விரிக்கும் எந்த வலையிலும் விழமாட்டேன் என்று அங்கேயே நின்று சபதம் செய்தேன்.

தடாலா கத்தியில் ஒட்டிய க்ரீமை வழித்தாள். "சமையல்கட்டுக் கூரை ஒழுகுது. நாளைக்கு எலியாஸ்னு ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன். இந்தத் தடவை நெசமாவே ஆம்பளைதான். வேலை செஞ்சுக்கிட்டே நல்லாப் பாடுவாராம்."

ஏணி கேட்க நாபிரி அக்கா வீட்டுக்குப் போனேன்.