பத்தொன்பது வயதில் காதுகுத்து

அன்று பந்தலில் இருந்தவர்கள்: நான். என் மனைவி செல்லம்மாள். அவள் தம்பி கோவிந்தன், அதாவது மடி கொடுக்க வேண்டிய தாய்மாமன். ஊசியோடு பத்தர். மொய் எழுதக் கணக்குப்பிள்ளை. குருவிநத்தம், வில்லியனூர் உறவுக்காரர் எண்பது பேர். கடைசியாக, காது குத்திக்கொள்ளும் குழந்தை. வயது பத்தொன்பது. மீசை உண்டு.

யோசனை என்னுடையது. (நாற்பது வயதில் என்னைப் புத்திசாலி என்று நினைத்திருந்தேன்.) மகனுக்குப் புதுச்சேரியில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தது. பத்து நாளில் பணம் கட்ட வேண்டும். கையில் இல்லை. ஊரெல்லாம் மொய் எழுதியவன் நான்; என் வீட்டில் விசேஷமே நடந்ததில்லை. மாமன் சைகோனுக்கு வேலைக்குப் போய்விட்டதால் பையனுக்குக் காதும் குத்தவில்லை. இப்போது மாமன் லீவில் வந்திருந்தான். மடி வந்துவிட்டது. வேறென்ன வேண்டும்?

பையன் மடியில் உட்கார்ந்தான்.

"யக்கா, இன்னா போட்டு வளத்த இவன? தொட மரத்துப்போச்சு. சீக்கிரம் குத்துங்கபா!" என்றான் கோவிந்தன்.

பத்தர் குத்தினார். பையன் காதைத் தொட்டு விரலைப் பார்த்தான். ஒரு சொட்டு ரத்தம். நெல் மூட்டை போலச் சரிந்தான்.

தண்ணீர் தெளித்து எழுப்பினோம். பங்காளி ராமசாமி அண்ணன் மொய்ப் பணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அப்படியே நின்றார்.

"இவனாடா ஆள அறுத்து வைத்தியம் பாக்கப்போறான்?"

"பழகிடும்ணே."

"பழகட்டும். மொய் எங்கடா ஓடிடப்போவுது? அவன் கல்யாணத்துல செய்யறேன்."

மறுபடி மடியில் முடிந்துகொண்டார். எண்பது பேரும் முடிந்துகொண்டார்கள். சாப்பிடாமல் யாரும் போகவில்லை. இன்னொரு காதைப் பத்தர் தேடினார். அது கரும்புக் கொல்லைப் பக்கம் ஓடிவிட்டது.

மறுநாள் உழவு மாட்டு ஜோடியை விற்றேன். (முதலிலேயே விற்றிருந்தால் பந்தியாவது மிச்சம்.) படித்தான். கல்யாணம் மாமன் மகளோடு, சைகோனில் மாமன் வீட்டிலேயே நடந்துவிட்டது. மொய் எழுத எவரும் கப்பல் ஏறவில்லை.

டாக்டராகி ஊருக்கே வந்தான். ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்கள், "தம்பி, நீ கண்ண மூடிக்கபா, நான் பாத்துக்கறேன்" என்கிறார்கள். இன்றைக்கும்.

உறவுக்காரரிடம் அவன் காசு வாங்குவதில்லை. முதுகுக் கட்டியை அறுத்துக்கொண்டு ராமசாமி அண்ணன் வெளியே வந்தார். வாசலில் செல்லம்மாள் நின்றாள்.

"வைத்தியம் சும்மாதான் மாமா. காதுகுத்து மொய்ய வெச்சிட்டுப் போங்க."

அன்றிலிருந்து தினமும் நிற்கிறாள். இதுவரை வந்தது முப்பத்தேழு ரூபாய்.