செலியமேட்டில் பிரியாணி, ஓவர்

பேரிடர் வந்தால் செல்போன் வேலை செய்யாது. இது மேலிடமே ஒப்புக்கொண்ட உண்மை. ஆகையினால், வில்லியனூர் கல்யாண மண்டபத்தில் கூடிய அமெச்சூர் ரேடியோ மாநாட்டில், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த செல்போன்களை எல்லாம் வாசலிலேயே வாங்கிக் கோணிப்பையில் கட்டிவிட்டார்கள். இனி யார் யாரிடம் பேசினாலும் வாக்கி டாக்கியில்தான். தண்ணீர்த் தொட்டி உச்சியில் புதிதாக ஏற்றிய டிஜிட்டல் ரிப்பீட்டர் அந்தக் குரலை வாங்கி, பாகூர் வரைக்கும் தூக்கிப் போடும். இதுதான் இப்போது நாகரிகம். பக்கத்து நாற்காலிக்காரரிடம் "என் காலை மிதிக்கிறீர்கள், ஓவர்" என்று சொன்னால், அது தொட்டி வரை போய்த் திரும்பி, குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி அவர் காதில் விழும். அதுவரை மிதிபட வேண்டியதுதான்.

ஜெயசித்ரா சங்கத்தில் உறுப்பினர்; சமையல் காண்ட்ராக்டும் அவளுடையதே. இருநூறு பேருக்குச் சமைப்பது இதுதான் முதல் தடவை. ஒரு மணிக்குப் பந்தி போடாவிட்டால் பேர் நாறிவிடும். அன்றைக்குப் பார்த்துத்தான், பிரியாணி அண்டாக்களை ஏற்றி வந்த குட்டியானை வண்டி செலியமேட்டுக் கரும்புக்காட்டு ஓரம் சேற்றில் அச்சு வரைக்கும் இறங்கியது. டிரைவர் அன்புராஜிடமும் போன் இல்லை. காலையில் காபிக்காக மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்த பாவத்துக்கு, அதுவும் கோணியில்.

வண்டியில் கூடவே வந்த ஜெயசித்ரா வாக்கி டாக்கி பட்டனை அழுத்தினாள்.

"சார், வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு. யாரையாவது அனுப்புங்க, ஓவர்."

மண்டபத்தில் அன்றைய வெள்ளப் பேரிடர் ஒத்திகையின் ஒருங்கிணைப்பு அலுவலர் முத்துக்குமரன் பூரித்துப்போனார். "அருமை. பதற்றம் நிஜம் மாதிரியே இருக்கிறது. நான்கு படகுகள் அனுப்பிவிட்டோம், ஓவர்."

"நெஜம்தான் சார். படகு வேணாம், கயிறு இருந்தா போதும்."

"படகுகள் வந்து உங்களை மீட்டுவிட்டன. கைதட்டல் கேட்கிறதா, ஓவர்?"

கேட்டது.

கரும்பு வெட்டிக்கொண்டிருந்த வீரமணி கொடுவாளோடு வந்து நின்றார். "இன்னாம்மா, யாருனா வராங்களா?"

"வந்துட்டாங்களாம் அண்ணே. நம்மளக் காப்பாத்தியும் ஆச்சாம்."

வீரமணி சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தார், ஆட்களைக் கூப்பிட்டார். எல்லோருமாக முட்டுக்கொடுத்துத் தள்ள, வண்டி மேலே ஏறியது. ஜெயசித்ராவுக்கு உயிர் வந்தது. கிளம்பலாம் என்று பார்த்தால் மறுபடி குடத்துக் குரல்.

"அடுத்த கட்டம், உணவு விநியோகம். கையிருப்பு என்ன, ஓவர்?"

"ரெண்டு அண்டா பிரியாணி சார்."

"பாதிக்கப்பட்ட மக்களுக்கு உடனே விநியோகிக்கவும்."

"சார், அது நமக்கு..."

"இது உத்தரவு. ஓவர் அண்ட் அவுட்."

ஜெயசித்ராவுக்குக் கோபம் தலைக்கேறியது. சரி, உத்தரவு என்றால் உத்தரவு. வெள்ளம்தான் வரவில்லையே தவிர, பாதிக்கப்பட்டவர்கள் நன்றாகவே திரண்டார்கள். கரும்பு வெட்டியவர்கள், அவர்கள் வூட்டு ஜனம், அப்புறம் ஊர். அண்டாவை வழித்தாயிற்று.

மூன்று மணிக்கு மண்டபத்தில் இருநூறு வயிறும் கூவின.

"பிரியாணி எங்கேம்மா?"

"உத்தரவுப்படி விநியோகிச்சாச்சு சார்."

முத்துக்குமரன் யோசித்தார். அழைப்பிதழில் மதிய உணவு என்று அச்சாகிவிட்டது. உணவு நடக்கவில்லை என்றால் மாநாடு நடக்கவில்லை. மாநாடு நடக்கவில்லை என்றால் சான்றிதழ் கிடையாது. ஆகவே அறிவித்தார்: "மதிய உணவும் ஒத்திகையில் அடங்கும். சாப்பிட்டதை ஒவ்வொருவரும் ரிப்பீட்டரில் உறுதி செய்யவும். உறுதி செய்தவருக்கே சான்றிதழ்."

கொஞ்ச நேரம் முணுமுணுத்தார்கள். பிறகு வரிசையில் நின்றார்கள்.

"சாப்பிட்டேன், திருப்தி, ஓவர்."

"வயிறு நிறைந்தது, ஓவர்."

பசியோடு கடைசியில் நின்றாள் ஜெயசித்ரா. அவளுக்கு முன்னால் நின்ற தொப்பிக்காரர் பட்டனை அழுத்தினார். "சாப்பிட்டேன். பீஸ்தான் ரொம்பச் சின்னது, ஓவர்."

தின்னாத பிரியாணிக்குக் குறை சொன்னது அவளுக்குப் பொறுக்கவில்லை. தன் பட்டனை அழுத்தினாள்.

"ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கித் தின்னீங்களே, அத நான் பாக்கலன்னு நெனச்சீங்களா, ஓவர்?"