அட்டைப் படத்தில் இருப்பது அத்தை இல்லை

கீத்லி, 1909 மார்ச் 14

மதிப்பிற்குரிய அண்ணா ஏமஸ் அவர்களுக்கு,

தம்பி வில்ஃப்ரெட் வணங்கி எழுதுவது. இங்கே நானும் லெட்டியும் நாயும் நலம். அண்ணியின் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் ஊர்க் கடையில் ‘இவளுக்கா ஓட்டு?’ என்று ஒரு தபால் அட்டை விற்பதாகவும், அதில் வாயைப் பிளந்து கத்தும் கோரமான பெண் நம் அத்தை மாதிரியே இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அது அத்தை இல்லை அண்ணா. நான்தான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, லெட்டி தையல் வகுப்புக்குப் போயிருந்த நேரம், அந்த அட்டைக்குப் படம்பிடிக்கும் பிக்கிள்ஸ் வந்து, “இந்த மூக்கோட ஒரு பொம்பளைய நான் எங்கேடா தேடுவேன்?” என்று கெஞ்சினான். சிரிப்புக்குத்தானே என்று லெட்டியின் நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு, இறகுத் தொப்பியும் குடையுமாக நகர மன்றப் படியில் நின்று கத்தினேன். படம் எடுத்து முடிப்பதற்குள் சந்தைக் கூட்டம் சூழ்ந்துவிட்டது. “போய் அடுப்பப் பாருடி!” என்று ஒருவன் கூவ, அழுகிய முட்டை ஒன்று என் காதில் உடைந்தது. “யோவ், நான் ஆம்பளைய்யா!” என்றேன். “அதான் மூஞ்சியிலயே தெரியுதே!” என்று முட்டைக்கோஸை வீசினார்கள். பிக்கிள்ஸ் காமிராவோடு ஓடியே போனான். நான் பாவாடை தடுக்கி விழுந்தேன். அண்ணா, நிஜமாகவே பயந்துவிட்டேன்.

அப்போது சந்தை முனையில் பெண்களுக்கு ஓட்டு கேட்டுத் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் ஓடிவந்து, என்னைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். “பயப்படாதீங்க அக்கா, தலையக் குனிஞ்சுக்குங்க!” என்றாள் ஒருத்தி. எனக்கு வந்த கல் அவள் தோளில் பட்டது. கல்யாணமாகிப் பதினோரு வருடமாக நான் கேட்கிற குரல் அது. லெட்டி!

சந்துக்குள் கூட்டிப்போய் என் முகத்தைத் துடைத்தவளின் கை பாதியில் நின்றது. “என்னங்க... இது என் பாவாடையா?”

“ஆமா. இதுதான் உன் தையல் வகுப்பா?”

“கிழிச்சு வேற வச்சிருக்கீங்க!”

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனாலும் தேநீரும் கேக்கும் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். வீட்டில் அவள் தோளில் கன்றிய இடத்துக்கு நான்தான் தைலம் தடவினேன். “இதெல்லாம் வழக்கமா நடக்குறதா?” என்று கேட்டேன். “முட்டை வழக்கம். கல்லு எப்பவாவதுதாங்க” என்றாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இருந்தாலும் என் கொள்கை மாறவில்லை. பெண்களுக்கு ஓட்டு தேவையே இல்லை. நம் குடும்பத்து ஆண் எவனும் பெண்டாட்டி பேச்சுக்கு ஆடமாட்டான் என்று அப்பாவிடம் அடித்துச் சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் அன்பும், அப்பாவுக்கு என் பணிவும்.

தங்கள் தம்பி,
வில்ஃப்ரெட்

பி.கு.: சனிக்கிழமை பெண்கள் ஊர்வலம். பதாகையின் ஒரு கம்பை நான் பிடிக்கிறேன். கம்பு கனம், அதற்காகத்தான். இன்னொரு கம்புக்கு ஆள் கிடைக்கவில்லை அண்ணா. பழைய கோட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வாருங்கள்.