மாமனார் துப்பாக்கிக்கு இரண்டு கோட்

துப்பாக்கி ரோஜா நிறத்தில் ஓவனிலிருந்து வெளியே வந்தது.

முரளிதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். நிறம் மாறவில்லை. கல்யாண வரவேற்பில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைக்கலாம், அவ்வளவு மங்களகரமான ரோஜா.

"என்ன கெம்பையா இது?"

"செராமிக் கோட்டிங் ஸார்" என்றான் கெம்பையன். அந்த ஃபேக்டரியில் ஸ்ப்ரே அடிப்பவன் அவன்தான். "நீங்கதானே அடிக்கச் சொன்னீங்க?"

"கறுப்புல அடிக்க வேண்டாமா?"

"கலர் நீங்க ஹேளவே இல்ல ஸார், சொல்லவே இல்ல. இன்னிக்கு எக்ஸ்போர்ட் வாணலி லோடு. மெஷின்ல இருந்தது ரோஸ்."

துப்பாக்கி முரளிதரனின் மாமனாருடையது. ராமாபுரம் மல்லப்பன் தன் சோளக்காட்டுக்கு வரும் பன்றியையும் யானையையும் விரட்ட லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த ஒற்றைக் குழல். ஐந்து நாளைக்கு முன்பு அவர் கொள்ளேகாலில் பஸ் மாறி மைசூருக்கு வந்து, கோணியில் சுற்றிய அதைக் கூடத்தில் கிடத்தினார்.

"திங்கக்கெழமை ஸ்டேசன்ல காட்டோணுமுங்க மாப்ள. அதுக்குள்ள இது ரிப்பேராகோணும். உங்களை நம்பித்தான் வந்தேன்."

காபியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.

முரளிதரன் உருகிப்போனான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மாமனார் அவனை நம்பி ஒரு குடையைக்கூடக் கொடுத்ததில்லை. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. தலைதீபாவளிக்குப் போனவன் சும்மா இருக்காமல் வீட்டு ரேடியோவைச் சரிசெய்கிறேன் என்று திறந்தான். அன்றோடு அது பேச்சை நிறுத்திக்கொண்டது. அந்தப் பொங்கலுக்கு மோட்டார் பம்ப். அதன் பிறகு மாப்பிள்ளை வருகிறார் என்று கடிதம் வந்தால் மாமியார் நாச்சம்மாள் முதல் வேலையாகத் தையல் மிஷினைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். இதெல்லாம் தெரிந்தும் மாமனார் தன்னைத் தேடி வந்திருக்கிறார்! இந்த ஒரு தடவை பேரைக் காப்பாற்றிக்கொள்ளாவிட்டால் இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

துப்பாக்கியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். விசையை இழுத்தால் டக்கென்று அடித்தது. குழலெல்லாம் துரு, வேறு குறை இல்லை. அப்படியானால் ரிப்பேர் செய்யவேண்டியது துருவைத்தான் என்று முடிவு கட்டினான். துருவுக்கு மருந்து கையிலேயே இருந்தது. பைக் சைலன்ஸரிலிருந்து வாணலி வரைக்கும் செராமிக் பூச்சு அடித்து ஓவனில் சுட்டெடுக்கும் கம்பெனியில்தான் அவனுக்கு வேலை. ஆனால் அங்கே அவன் ஸ்டோர்ஸ் கிளார்க். கோட்டிங்கைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவான். ஒரு கரண்டிக்குக்கூட அடித்ததில்லை. முதலாளி பெங்களூர் போன சனிக்கிழமையாகப் பார்த்து, மரக்கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இரும்பை மட்டும் உள்ளே கொண்டுவந்தான். மணல் வீசித் துருவை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் ரோஜா.

"மேலே கறுப்பு ஒரு கோட் அடி" என்றான் முரளிதரன்.

"பேடா ஸார், வேண்டாம். ரெண்டு கோட் ஏறினா சந்து பொந்தெல்லாம் அடைஞ்சுடும்."

"நீ அடி கெம்பையா. எங்க மாமனார் என்னை நம்பியிருக்காரு!"

கெம்பையன் அடித்தான். இரண்டாம் முறை ஓவன் திறந்தபோது துப்பாக்கி பளபளவென்று கறுப்பாக வந்தது. முரளிதரனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆறவைத்து, ஆசையாக விசையை இழுத்தான். வரவில்லை. இரண்டு விரல் போட்டு இழுத்தான். கெம்பையனும் சேர்ந்து இழுத்தான். விசையும் அதைச் சுற்றியிருந்த இரும்பும் பூச்சில் ஒன்றாகிவிட்டிருந்தன.

"லேசா ஒரு தட்டு தட்டினா விட்டுடும்" என்று முரளிதரன் சுத்தியலை எடுத்தான்.

லேசாகத்தான் தட்டினான். விசை ஒடிந்து காலடியில் விழுந்தது.

"இனி இழுக்கற கஷ்டமே இல்ல ஸார்" என்றான் கெம்பையன். பிறகு திடீரென்று நினைவு வந்தவனாக, "குழல் உள்ள பூச்சு போகக் கூடாதுன்னு கார்க் வெச்சீங்களே, ஓவனுக்கு முந்தி எடுத்தீங்களா?" என்று கேட்டான்.

"எடுக்கணுமா?"

கெம்பையன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

கார்க் கரியாகிக் குழலுக்குள் இறுகியிருந்தது. முரளிதரன் ஒரு கம்பியை விட்டுக் குத்தினான். கம்பி பாதியில் முறிந்து, உள்ளே போன பாதி கார்க்குக்குத் துணையாகத் தங்கிவிட்டது.

விசையைப் பசை வைத்து ஒட்டி, கட்டையை மாட்டி, வீட்டுக்குக் கொண்டுபோனான். பார்வைக்குத் துப்பாக்கி ஜோராகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி வைஷாலி, அப்பா துப்பாக்கியோடு விட்டுப்போயிருந்த லைசென்ஸ் புத்தகத்தை விரித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஏனுங்க, இதுல 4173னு நம்பர் போட்டிருக்குது. துப்பாக்கில எங்கீங்க?"

குழல்மேல் ஏதோ எண் இருந்தது முரளிதரனுக்கு ஞாபகம் வந்தது. மணல் வீசியதில் துருவோடு அதுவும் போயிருந்தது.

"நம்பர் இல்லாத துப்பாக்கின்னா திருட்டுத் துப்பாக்கிம்பாங்க. எங்கப்பாவை உள்ள வெச்சுருவாங்க!" என்று அழ ஆரம்பித்தாள்.

"நான் எதுக்கு இருக்கேன்? கவலைப்படாதே" என்றான் முரளிதரன். அவள் இன்னும் பலமாக அழுதாள்.

திங்கட்கிழமை காலை அக்ரஹாரத்தில் பாத்திரக் கடை திறக்கும்போதே போய் நின்றான். வாசலில் உட்கார்ந்து எவர்சில்வர் குடங்களில் பேர் வெட்டிக் கொடுக்கும் தொட்டையனுக்குக் காது மந்தம், கை வேகம்.

"4173. இதை மட்டும் வெட்டுங்க."

தொட்டையன் தலையாட்டிக்கொண்டே குழலை மடியில் வைத்துக்கொண்டார். "பேரு?"

சீட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, "முரளிதரன்" என்று கத்தினான்.

"வீட்டம்மா பேரு?"

துப்பாக்கி என்பதால் இப்படியெல்லாம் விசாரிக்கவேண்டும் போலிருக்கிறது என்று, "வைஷாலி" என்றான். காபி குடித்துவிட்டு வருவதற்குள் தொட்டையன் வேலையை முடித்துக் கோணியில் சுற்றியே வைத்துவிட்டார். பிரித்துப் பார்க்க நேரமில்லை. கொள்ளேகால் பஸ்ஸுக்கு ஓடினான்.

ராமாபுரம் போலீஸ் ஸ்டேஷனில் மல்லப்பன் சலவைச் சட்டையோடு காத்திருந்தார். இன்ஸ்பெக்டர் கோணியைப் பிரித்து, குழலைத் திருப்பி, உரக்கப் படித்தார்.

"4173. அன்பளிப்பு: முரளிதரன், வைஷாலி."

இன்ஸ்பெக்டர் விசையில் விரலை வைத்தார். விரலோடு விசையும் வந்தது. குழலுக்குள் பார்த்தார். உள்ளே ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

"இது துப்பாக்கி இல்லைய்யா, உலக்கை! கடவுளே வந்தாலும் இதைச் சரிபண்ண முடியாது" என்று கத்திவிட்டு, லைசென்ஸ் புத்தகத்தில் 'உபயோகத்துக்கு லாயக்கில்லை, ரத்து' என்று எழுதி முத்திரை குத்தினார். மல்லப்பன் குனிந்த தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் முரளிதரன் அவர் காலில் விழப்போனான். "மாமா, என்னை மன்னிச்சுடுங்க. நல்லது செய்யணும்னுதான்..."

மல்லப்பன் அவனைத் தூக்கி நிறுத்தி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். விடுவிடுவென்று எதிரே இருந்த டீக்கடைக்குப் போய், "எங்க மாப்ளைக்குச் சூடா நாலு போண்டா போடப்பா!" என்று தெருவே கேட்கக் கூவினார்.

துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே முரளிதரன் நினைத்தான். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சித்தையனிடம், "என்னாலதாங்க அவருக்கு லைசென்ஸ் போச்சு" என்று தழுதழுத்தான்.

"போகோணும்னுதானுங்க அவரு ரெண்டு வருசமா நடையா நடந்தாரு" என்றார் சித்தையன். "நல்ல துப்பாக்கி வெச்சிருக்கறவங்க எல்லாரும் முறை போட்டு யானை விரட்ட வரோணும்னு உத்தரவு. முழங்கால் வலி, ஓட முடியலை, பேரை எடுத்துருங்கன்னாரு. துப்பாக்கி கெட்டாத்தான் எடுப்பேன்னுட்டாரு இன்ஸ்பெக்டரு."

"கெட்டாத்தானா?"

"ஆமாங்க. 'அதுக்கென்னங்க, எங்க மைசூர் மாப்ளகிட்ட ரிப்பேர் பண்ணக் குடுத்தா ஒரே வாரத்துல ரிப்பேராயிரும்'னு சொல்லிப்போட்டு, அன்னிக்கே பஸ் ஏறிட்டாருங்க!"